ராக்கெட் யந்திரம் ஏன் உருகுவதில்லை?

2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள், பிற்பகல் 2 மணி 35 நிமிடத்திற்குச் சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. ஆய்க்குடியில் அன்று நல்ல சாரல். குற்றாலத்து மலை மேகத்துள் மறைந்திருந்தது. பள்ளியில் மாணவர்களை ஒரே அறையில் கூட்டிவைத்து அந்தக் காட்சியைக் காட்டினோம். பௌதிக ஆசிரியன் என்ற முறையில் ராக்கெட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கிச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. மூன்றாவது கட்டமாகிய கடுங்குளிர் யந்திரம் இயங்கத் தொடங்கியபோது, "இதனுள்ளே எரியும் தீயின் உஷ்ணம் ஏறக்குறைய 3,000 டிகிரி" என்று சற்றே பெருமிதத்துடன் சொன்னேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், இரும்பு 1,538 டிகிரியில் உருகிவிடும் என்று போன வாரந்தானே பாடம் நடத்தினீர்கள்? அப்படியானால் அந்த யந்திரம் மட்டும் ஏன் உருகவில்லை?"

"உருகாத உலோகத்தால் செய்திருப்பார்கள், அம்மா" என்று சொல்லிவிட்டேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த விடை தவறு. அதுவும் சிறு தவறன்று. உண்மைக்கு நேர் எதிரானது. அன்றிரவு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. மறுவாரம் வகுப்பில் அதைத் திருத்திக்கொண்டேன். அந்தத் திருத்தத்தையே இன்று, சற்று விரிவாக, உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், உருகாத உலோகம் என்று ஒன்று உண்டா என்று பார்ப்போம். மின்விளக்கின் இழையாக இருந்த டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸ் வரையில் தாங்கும். ஆனால் அது தண்ணீரைப்போல் 19 மடங்கு கனமானது, எளிதில் நொறுங்குவது, சூடான நீராவி பட்டால் அரிக்கப்படுவது. ராக்கெட்டில் ஒரு கிலோ எடையைக் குறைப்பதற்கு மாதக்கணக்கில் மூளையைச் செலவிடுகிறார்கள். அங்கே டங்ஸ்டனால் ஓர் அண்டாவைச் செய்து ஏற்ற முடியுமா? ஆகவே அந்த வழி அடைபட்டது.

உண்மையில் இத்தகைய கடுங்குளிர் யந்திரங்களின் எரியறையில், தீயை நேரே பார்க்கும் உட்சுவர் எதனால் ஆனது தெரியுமா? செம்பால் ஆனது. செம்போடு சிறிதளவு வேறு உலோகங்களைக் கலந்து உறுதியாக்கியிருப்பார்கள். ஆயினும் அது செம்புதான். செம்பு 1,085 டிகிரியிலேயே உருகிவிடும். இரும்பைவிட முன்னதாக உருகும் உலோகத்தைத் தேடிப் பிடித்து நெருப்புக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்! இந்த முரண்பாட்டின் பொருள் விளங்கிவிட்டால் விஷயம் முழுவதும் விளங்கிவிடும்.

நம் வீட்டு விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அகலில் நல்லெண்ணெய் வார்த்துப் பஞ்சுத் திரி போட்டு ஏற்றுகிறோம். பஞ்சு எளிதில் தீப்பற்றும் பொருள். தனியே கொளுத்தினால் நொடியில் சாம்பலாகும். ஆனால் விளக்கிலே அதே பஞ்சு இரவு முழுவதும் சுடரின் நடுவே நிற்கிறது. நுனி சிறிது கருகுகிறதே தவிர எரிந்து போவதில்லை. எண்ணெய் தீர்ந்தவுடன் என்ன ஆகிறது? சில நிமிஷங்களில் திரி மளமளவென்று எரிந்து அகலின் விளிம்பு வரையில் கருகிவிடுகிறது. அதுவரை திரியைக் காத்தது எது? எரியப்போகிற அந்த எண்ணெயேதான். திரியின் வழியே ஏறி வரும் எண்ணெய், நுனியில் உள்ள உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. ஆவியான பிறகே எரிகிறது. சுடருக்கு இரையாவதற்கு முன்னால், சுடரிடமிருந்து திரியைக் காக்கும் வேலையையும் அது செய்துவிடுகிறது.

ராக்கெட் யந்திரத்தைக் காப்பதும் இதே தந்திரந்தான். எரிபொருளே குளிர்பொருள்.

கடுங்குளிர் யந்திரத்தின் எரிபொருள் திரவ ஹைட்ரஜன். அதை எரிப்பதற்கு வேண்டியது திரவ ஆக்ஸிஜன், அதாவது பிராணவாயு. ஹைட்ரஜன் திரவமாக இருக்க வேண்டுமானால் அதன் உஷ்ணநிலை சுழிக்குக் கீழே 253 டிகிரியில் இருக்கவேண்டும். பிராணவாயுவுக்குச் சுழிக்குக் கீழே 183 டிகிரி போதும். இவ்வளவு குளிர்ந்த ஹைட்ரஜனைத் தொட்டியிலிருந்து நேரே எரியறைக்குள் விடுவதில்லை. எரியறையின் சுவர் இரட்டைச் சுவர். உள்ளே செம்பு; வெளியே வலிமைக்காக வேறு உலோகத்தாலான ஓடு. இரண்டுக்கும் இடையே, செம்பிலேயே செதுக்கப்பட்ட மெல்லிய வாய்க்கால்கள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான். பம்பு தள்ளிவிடும் ஹைட்ரஜன் இந்த வாய்க்கால்களில் பாய்ந்து, சுவரின் உஷ்ணத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு, தான் சூடேறிய பிறகே எரியறையின் தலைப்பக்கத்தை அடைந்து, பிராணவாயுவோடு கலந்து எரிகிறது.

இப்போது செம்பின் ரகசியம் வெளிப்படுகிறது. செம்பு உஷ்ணத்தைத் தாங்குவதில்லை, கடத்திவிடுகிறது. ஒரு பக்கம் வாங்கியதை மறுபக்கம் ஓடும் குளிர்ந்த ஹைட்ரஜனிடம் அக்கணமே ஒப்படைத்துவிடுகிறது. இரும்பாலான கனத்த சுவரை வைத்தால், தீயை நோக்கிய பக்கத்தில் உஷ்ணம் தேங்கி நின்று, மறுபக்கம் குளிர்ந்திருக்கும்போதே இந்தப் பக்கம் உருகத் தொடங்கிவிடும். காகிதத்தைக் கிண்ணமாக மடித்துத் தண்ணீர் ஊற்றிச் சுடரின் மேல் பிடித்தால், தண்ணீர் கொதிக்குமே தவிரக் காகிதம் எரியாது. உங்களில் பலர் இதைச் செய்து பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மட்டத்திற்கு மேலே உள்ள விளிம்புதான் கருகும். கனமான அட்டையில் செய்து பார்த்தால் அடிப்புறம் கருகிவிடும். சுவர் மெல்லியதாகவும் உஷ்ணத்தை விரைவில் கடத்துவதாகவும் இருப்பதிலேதான் பாதுகாப்பு இருக்கிறது.

இன்னும் ஓர் ஆதாயம் உண்டு. சுவர் இழந்த உஷ்ணம் வீணாகவில்லை. ஹைட்ரஜன் அதைச் சுமந்துகொண்டு மறுபடி எரியறைக்கே வந்து சேர்கிறது. மோட்டார் வண்டியில் குளிர்நீர் அள்ளிய உஷ்ணத்தைக் காற்றில் கொட்டிவிடுகிறோம். இங்கோ செலவான காசு திரும்பவும் பைக்கே வந்துவிடுகிறது. இதனால் இம்முறையை மீட்புக் குளிர்ச்சி என்று சொல்லலாம்.

இந்தச் சந்திரயானின் யந்திரத்துக்குச் சி.இ.20 என்று பெயர். ஏறத்தாழ 20 டன் உந்துவிசை தருவது. அந்தக் கட்டத்தில் நிரப்பப்படும் திரவங்களின் எடை சுமார் 28 டன். இயங்கும் நேரம் பத்து நிமிஷத்துக்குச் சற்று அதிகம். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு நாற்பது கிலோவுக்கு மேல் செலவாகிறது என்று வரும். அதில் ஹைட்ரஜன் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஏழு கிலோ. ஏழு கிலோதானா என்று அலட்சியமாக எண்ண வேண்டாம். திரவ ஹைட்ரஜன் தண்ணீரைவிடப் பதினான்கு மடங்கு இலேசானது. ஆகவே அந்த ஏழு கிலோவின் கொள்ளளவு ஏறத்தாழ நூறு லிட்டர். ஒவ்வொரு வினாடியும் ஆறேழு குடம் ஹைட்ரஜன்! இந்தக் கணக்கு முடிந்தபோது என் பென்சில் சிறிது நேரம் நின்றுவிட்டது.

எரியறையில் எல்லா இடமும் ஒரே அளவு சூடாவதில்லை. அறை விரிந்து, பிறகு இடுப்பைப்போல ஒடுங்கி, மீண்டும் மணியின் வாயைப்போல விரிகிறது. ஒடுங்கிய அந்தக் கழுத்துப் பகுதியில்தான் வாயு மிக நெருங்கி மிக வேகமாகப் பாய்கிறது. சுவரின்மேல் உஷ்ணத் தாக்குதலும் அங்கேதான் உச்சத்தை அடைகிறது. ஒரு தபால் தலை அளவுள்ள இடத்தில் பல மின்சார அடுப்புகளின் உஷ்ணம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்திலே ஒரே ஒரு வாய்க்காலில் தூசி அடைத்துக்கொண்டாலும் போதும், அந்த இடத்தில் செம்பு மெழுகாகிவிடும். ஆகவே இந்த இரட்டைச் சுவரை இணைக்கும் வேலை மிகவும் நுட்பமானது. பொற்கொல்லர் பொடி வைத்து ஊதி நகையைப் பற்றவைப்பதுபோல் உட்சுவரையும் வெளியோட்டையும் உலையிலே பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும் உலோகம் வழிந்து வாய்க்காலுக்குள் இறங்கிவிடக் கூடாது. எந்த இடமும் பற்றாமல் விட்டுப்போகவும் கூடாது.

இந்த யோசனை எவ்வளவு பழமையானது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ரஷ்யப் பள்ளி ஆசிரியர் ஸியோல்கோவ்ஸ்கி 1903இலேயே, எரிதிரவங்களைக் கொண்டே அறையைக் குளிர்விக்கலாம் என்று எழுதிவைத்தார். (அவரும் ஆசிரியர் என்பதை எழுதும்போது, என் வகுப்பறை விடையை நினைத்து எனக்குச் சிறிது கூச்சமாகத்தான் இருக்கிறது.) ஆனால் எழுதுவது வேறு, செய்வது வேறு. 1926 மார்ச் 16இல் அமெரிக்காவில் ராபர்ட் காடர்டு உலகின் முதல் திரவ ராக்கெட்டைப் பறக்கவிட்டார். அது இரண்டரை வினாடிதான் பறந்தது. அதற்குள்ளாகவே அதன் வாய்க்குழலின் கீழ்ப்பாதி எரிந்து போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் செய்த வி-2 ராக்கெட்டிலே சாராயம் எரிபொருளாயிற்று. அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு தண்ணீர் கலந்தார்கள், தீயின் உஷ்ணத்தைத் தணிப்பதற்காக. அந்தச் சாராயமும் இரட்டைச் சுவருக்குள் ஓடிய பிறகே எரிந்தது.

நம் நாட்டுப் பழைய வாணங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மைசூர்ப் படைகள் இரும்புக் குழாயில் மருந்து திணித்து எய்த ராக்கெட்டுகள், குழாய் சூடேறுவதற்குள் எரிந்து முடிந்துவிடும். சுடருக்குள் விரலை விரைந்து செலுத்தி எடுத்தால் சுடுவதில்லையே, அதுபோல. நீண்ட நேரம் எரியத் தொடங்கிய பிறகே குளிர்விக்கும் பிரச்சினை முளைத்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஆய்க்குடிக்கு மேற்கே தெரியும் இதே மலைத்தொடர் தெற்கே நீண்டு சென்று, திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் மகேந்திரகிரியாக உயர்ந்து நிற்கிறது. பணகுடிக்கு அருகே, அம்மலையின் அடிவாரத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. முன்பு திரவ உந்துவிசை மையத்தின் பகுதியாக இருந்து, 2014 பிப்ரவரி முதல் தனி வளாகமாயிற்று. நம் நாட்டின் பெரிய திரவ ராக்கெட் யந்திரங்கள் அங்கே இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட்டு, தரையிலேயே எரித்துச் சோதிக்கப்படுகின்றன. குற்றாலத்து நீரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அதே மலையின் மற்றொரு கோடியில் நடக்கும் இந்த நெருப்பைப் பற்றி நம் பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியவில்லை என்பது என் குறை.

அங்கே சோதிக்கப்படும் விகாஸ் யந்திரம், பிரெஞ்சு நாட்டு வைக்கிங் யந்திரத்தின் வழிவந்தது. இந்தக் குடும்பத்தில் குளிர்விக்கும் முறை வேறு. குற்றாலத்துக்குக் கோடையில் போயிருக்கிறீர்களா? நீர் வற்றிய நாளில் அந்தப் பாறை வெயிலில் காய்ந்து காலைச் சுடும். அருவி மெல்லிய போர்வையாக வழியத் தொடங்கினாலோ, எவ்வளவு வெயில் அடித்தாலும் பாறை சில்லென்றிருக்கும். வெயிலுக்கும் பாறைக்கும் நடுவே நீர்ப்படலம் ஒன்று நிற்கிறது. வெயில் அந்த நீரைத்தான் தொடுகிறது. இந்த யந்திரத்திலும் எரிபொருளில் ஒரு பகுதியைச் சுவரை ஒட்டியே பீச்சுகிறார்கள். அது படலமாகப் படர்ந்து சுவரை மூடிக்கொள்கிறது. இதற்கு விலையும் உண்டு. சுவரோரம் செல்லும் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை. அந்த அளவுக்கு உந்துவிசை குறைகிறது. காவலுக்கு வைத்த ஆள் உழவுக்கு வரமாட்டானல்லவா?

திட எரிபொருள் ராக்கெட்டுகளில் ஓடவிடுவதற்குத் திரவமே இல்லை. அங்கே வாய்க்குழலின் உட்புறத்தைப் பிசினும் கரியிழையும் சேர்த்துச் செய்த பூச்சால் மூடுகிறார்கள். அது தானே கருகி, சிறிது சிறிதாகத் தேய்ந்து, தேயும்போதே உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ராக்கெட்டின் ஆயுள் இரண்டு மூன்று நிமிஷம். பூச்சு அதுவரை மிஞ்சினால் போதும்.

வேறொரு வழி, ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுவது. யந்திரம் சிறியதாகவும் வாய்க்கூம்பு மெல்லியதாகவும் இருந்தால், அது கொல்லன் உலையில் போட்ட இரும்பைப்போலப் பழுத்துச் சிவந்து, அந்தச் சிவப்பொளியாகவே உஷ்ணத்தை வெளியே வீசிவிடும். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் கொலம்பியம் என்னும் அரிய உலோகத்தாலான கூம்பு இவ்வாறு வேலை செய்தது. அதற்குப் பதிலாகக் கரியிழையைக் கரியிலேயே பதித்துச் செய்த இலேசான கூம்பை 2024ஆம் ஆண்டில் மகேந்திரகிரியில் சோதித்தார்கள். ஏப்ரல் 2ஆம் நாள் நடந்த 200 வினாடிச் சோதனையில் கூம்பின் உஷ்ணம் 943 டிகிரி செல்சியஸை எட்டியது. எதிர்பார்த்ததும் அதுவே.

மீண்டும் கடுங்குளிர் யந்திரத்துக்கே வருகிறேன்; ஏனெனில் நமக்கு அது எளிதில் கைவரவில்லை. 1991இல் சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு, யந்திரங்களையும் அவற்றின் செய்முறையையும் பெற ஒப்பந்தமாயிற்று. அமெரிக்கா ஆட்சேபித்துத் தடை விதித்தது. முடிவில், செய்து முடித்த யந்திரங்கள் வந்தன, செய்முறை வரவில்லை. சமைத்த சோறு கிடைத்தது, சமையல் தெரியவில்லை என்ற நிலை. செம்பில் வாய்க்கால் செதுக்குவதிலிருந்து, இரட்டைச் சுவரைப் பற்றவைப்பதிலிருந்து, கடுங்குளிரில் சுழலும் பம்பு வரையில் எல்லாவற்றையும் நம்மவர்கள் தாமே கற்றுக்கொள்ள நேர்ந்தது.

2010 ஏப்ரல் 15இல் நம் சொந்த யந்திரத்தைச் சுமந்து ஜி.எஸ்.எல்.வி. எழுந்தது. முதலிரு கட்டங்களும் செம்மையாக வேலை செய்தன. மூன்றாம் கட்டம் பற்றியது. பற்றிய உடனே, ஹைட்ரஜனைத் தள்ளும் துணைப் பம்பு நின்றுபோயிற்று. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஹைட்ரஜன் நின்றால் இத்தகைய யந்திரத்தில் எரிபொருளும் இல்லை, குளிர்பொருளும் இல்லை என்பதை மட்டும் இங்கே கவனித்துக்கொள்ளுங்கள். குறையைக் கண்டு திருத்தி, மறுபடி மறுபடி மகேந்திரகிரியில் எரித்துப் பார்த்து, 2014 ஜனவரி 5ஆம் நாள்தான் அந்த யந்திரம் விண்ணில் வெற்றி கண்டது. அதைவிடப் பெரிய சி.இ.20 யந்திரத்தை 2015 ஜூலை 16இல் அதே மலையடிவாரத்தில் 800 வினாடி தொடர்ந்து எரித்தார்கள். வானத்தில் வேண்டிய நேரத்தைவிட அது கால் பங்கு அதிகம். பதின்மூன்று நிமிஷத்துக்கு மேல், ஒரு புறம் 3,000 டிகிரி, மறுபுறம் சுழிக்குக் கீழே இருநூறு டிகிரிக்கு மேற்பட்ட குளிர், நடுவே ஒரு செப்புத் தகடு!

இந்த யந்திரத்தை எரியும்போது குளிர்விப்பது மட்டும் போதாது என்பதும் ஒரு வேடிக்கை. பற்றவைப்பதற்கு முன்பே குளிர்விக்க வேண்டும். சாதாரண உஷ்ணத்தில் இருக்கும் குழாயும் பம்பும் ஹைட்ரஜனுக்குக் காய்ந்த தோசைக்கல் மாதிரி. அதில் பட்ட திரவம் சுரீரென்று ஆவியாகிவிடும். ஆவியைத் தள்ளப் பம்பால் இயலாது. ஆகவே முதலில் சிறிதளவு குளிர்திரவத்தை ஓடவிட்டு, குழாய்களையும் பம்புகளையும் அதே கடுங்குளிருக்குக் கொண்டுவந்த பிறகே தீ மூட்டுகிறார்கள்.

இவ்வளவையும் மறுவாரம் வகுப்பில் சொல்லி முடித்து, முன்பு சொன்ன விடை தவறு என்பதையும் ஒப்புக்கொண்டேன். அந்த மாணவி மீண்டும் எழுந்தாள்.

"சரி சார், யந்திரத்தை நிறுத்தும்போது ஹைட்ரஜனையும் நிறுத்திவிடுவார்கள்தானே? எண்ணெய் தீர்ந்த திரி மாதிரி, அந்த நிமிஷத்தில் கருகிவிடாதா?"

இம்முறை நான் முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன். இத்தகைய யந்திரங்களில் பொதுவாகப் பிராணவாயுவின் கதவைத்தான் முதலில் மூடுகிறார்கள், தீ அடங்கிவிடுகிறது. ஹைட்ரஜனை அதன் பிறகும் சிறிது நேரம் வாய்க்கால்களில் ஓடவிட்டு, சுவர் ஆறியதும் மூடுகிறார்கள்.